வெயில் காக்கும் குளிர்

சிவாஜிநகரில் வணிகம் செய்வோருக்குக் குளிர் என்பது விலை கொடுத்து வாங்கும் பொருள். 1927-ஆம் ஆண்டைச் சேர்ந்த ரஸ்ஸல் மார்க்கெட்டின் மீன் கடைகளில் ஐஸ் பாளங்களும் அன்றாட முதலீட்டின் ஒரு பகுதியே. ஐஸ் உருகும் வேகத்திலேயே விற்காத சரக்கின் விலையும் இறங்கும். இந்தக் கணக்கை எங்கள் கிளைக்கு வரும் வாடிக்கையாளர்களுக்கு நாங்கள் கற்பித்ததில்லை, அவர்களிடமிருந்தே கற்றுக்கொண்டோம்.

அதே சிவாஜிநகரில்தான் பௌரிங் மருத்துவமனையும் இருக்கிறது. அங்கும், அதன் சுற்றுப்புறத்து மருந்துக் கடைகளிலும் குளிர் வேறொரு காரணத்துக்காகப் பேணப்படுகிறது. தடுப்பூசி மருந்தும் இன்சுலினும் சேமித்த இரத்தமும் குளிரை நம்பியே உயிர்ப்புடன் இருக்கின்றன. மீனுக்கும் மருந்துக்கும் இங்கே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கெட்ட மீன் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். வீரியம் இழந்த தடுப்பூசி மருந்து பெரும்பாலும் பார்வைக்கு நல்ல மருந்தைப் போலவே இருக்கும். அது செலுத்தப்பட்ட குழந்தை பாதுகாப்புப் பெற்றதாகவே ஏட்டில் பதிவாகும். உண்மை வெளிப்படும் நாளில் அது நோயாகவே வெளிப்படும்.

ஆகவே, இந்தக் குளிரை எந்த ஆற்றலைக் கொண்டு காக்கிறோம் என்பது பொறியாளர்கள் மட்டும் பேசி முடிக்க வேண்டிய செய்தி அன்று. மின்கம்பியையும் டீசலையும் மட்டுமே நம்பியிருக்கும் மருத்துவக் குளிர்பதனத்தைச் சூரிய ஆற்றலுக்கு மாற்ற வேண்டும் என்ற குரல் உலகெங்கும் வலுத்து வருகிறது. அதனோடு நாம் முழுமையாக உடன்படுகிறோம். எனினும், கணக்கேடுகளோடு பழகிய கண்ணுக்கு அத்திட்டங்களில் விடுபட்ட ஒரு வரி தென்படுகிறது. சூரியத் தகடு வாங்கப் பணம் கிடைத்துவிடுகிறது. ஆறாம் ஆண்டில் பாட்டரியை மாற்றும் பணம் யாருடைய கணக்கிலிருந்து வரும் என்பது மட்டும் எழுதப்படுவதில்லை.

கரத்திலிருந்து கரத்துக்கு

குளிர்பதன வசதி இல்லாத காலத்தில் தடுப்பு மருந்து எவ்வாறு பயணம் செய்தது என்பதை நினைவுகூர்வது பயனுடையது. 1802-ஆம் ஆண்டு ஜூன் 14 அன்று பம்பாயில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்திக்குப் பெரியம்மைத் தடுப்பு மருந்து செலுத்தப்பட்டது. இந்தியாவில் அவ்வாறு மருந்து பெற்றவர்களில் முதல்வர் அவரே. இந்நாட்டு வெப்பத்தில் மருந்து விரைவில் செயலிழந்தது. எனவே, ஒருவர் கரத்தில் எழுந்த கொப்புளத்திலிருந்து நீரெடுத்து அடுத்தவர் கரத்தில் செலுத்தி, மனிதர்களையே சங்கிலியாக்கி அதை ஊர் ஊராகக் கொண்டு சென்றனர். ஒருவர் தவறினாலும் சங்கிலி அறுந்தது.

இன்று அந்தச் சங்கிலியின் இடத்தைக் குளிர்பதனச் சங்கிலி பிடித்திருக்கிறது. உற்பத்திக் கூடத்திலிருந்து மாநிலக் கிடங்குக்கும், மாவட்டக் கிடங்குக்கும், அங்கிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் மருந்து வந்து சேர்கிறது. கடைசிக் கட்டத்தில், ஐஸ் பொதிகள் வைத்த சிறு பெட்டியில் சுகாதாரப் பணியாளர் அதைக் கிராமத்துக்குக் கொண்டு செல்கிறார். வழக்கமான தடுப்பூசித் திட்டத்தில் சுகாதார நிலையத்திலுள்ள மருந்துகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். நாடு முழுவதும் இத்தகைய குளிர்பதன மையங்கள் ஏறத்தாழ 29,000 உள்ளன. ஆண்டுதோறும் பிறக்கும் இரண்டரைக் கோடி அளவிலான குழந்தைகளின் பாதுகாப்பு அவற்றை நம்பியிருக்கிறது.

‘இரண்டு முதல் எட்டு வரை’ என்ற வரம்பைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கின்றனர். குளிர் கூடினால் பாதுகாப்பும் கூடும் என எண்ணுவது பிழை. போலியோ சொட்டு மருந்துக்கு வெப்பமே பெரும் பகை. ஆனால் ஹெபடைட்டிஸ் பி, ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் போன்றவை உறைந்துபோனால் கெட்டுவிடும். குப்பியின் மீது ஒட்டப்படும் சிறு அடையாளம், வெப்பம் பட்டதைச் சதுரத்தின் நிறமாற்றத்தால் காட்டும், உறைந்ததைக் காட்டாது. ஆகவே, நிலையான குளிர் தேவை. நிலையான குளிருக்கு நிலையான மின்சாரம் தேவை.

இந்தச் சங்கிலியின் மதிப்பை அண்மையில் நாடு முழுவதும் உணர்ந்தது. 2021 ஜனவரி 16 அன்று தொடங்கிய கொரோனா தடுப்பூசி இயக்கம் அதே ஆண்டு அக்டோபரில் 100 கோடி தவணைகளை எட்டியது. இந்தியாவில் பெருமளவில் பயன்பட்ட இரு தடுப்பூசிகளும் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கத் தக்கவை. குழந்தைகளுக்காகப் பல்லாண்டுகளாகப் பேணப்பட்டு வந்த பெட்டிகளே பெரியவர்களையும் காத்தன.

கம்பி அறுந்த நாள்

‘எல்லாக் கிராமங்களுக்கும் மின்சாரம் வந்துவிட்டதே, இனிச் சூரியத் தகடு எதற்கு?’ என்று கேட்போர் உண்டு. இந்தியாவின் அனைத்துக் கிராமங்களும் மின்வசதி பெற்றுவிட்டதாக 2018 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது உண்மையே. ஆயினும் இணைப்பு வேறு, மின்சாரம் வேறு. மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊரில் குளிர்பதனப் பெட்டியின் கம்ப்ரஸர் நெடுநாள் உழைக்காது. மாலையில் போன மின்சாரம் மறுநாள் காலையில்தான் வரும் ஊரில், அந்த இரவின் வெப்பநிலையைக் கவனிக்க ஆள் வேண்டும்.

பேரிடர்க் காலத்தில் இக்கேள்விக்கு இன்னும் தெளிவான விடை கிடைக்கிறது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் உட்கிராமங்கள் பல வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. மருந்து மிகுதியாகத் தேவைப்பட்ட அந்த நாட்களில்தான் மின்சாரம் இல்லாது போயிற்று. 2022-இல் இலங்கையில் புயலும் வரவில்லை, வெள்ளமும் வரவில்லை. அந்நியச் செலாவணி தீர்ந்தது; எரிபொருள் வரவில்லை; மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரத்தை எட்டியது. ஜெனரேட்டர் இருந்தோரும் டீசலுக்கு வரிசையில் நிற்க நேர்ந்தது.

இவ்விரு நிகழ்வுகளும் உணர்த்துவது ஒன்றே. டீசல் ஜெனரேட்டர் சாதாரண நாளின் மின்வெட்டுக்கு நல்ல துணை. சாலை துண்டிக்கப்பட்ட நாளிலும் எரிபொருள் வராத நாளிலும் அது வெறும் இரும்பு. சூரிய ஒளியை லாரியில் ஏற்றி வர வேண்டியதில்லை. குறைந்த வருவாய், கீழ்நடுத்தர வருவாய் நாடுகளில் நம்பகமான மின்சாரம் இல்லாத அல்லது மின்சாரமே இல்லாத சுகாதார நிலையங்களை நம்பியிருப்போர் ஏறத்தாழ 100 கோடி என்று, உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் பிற அமைப்புகளும் 2023 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

பாட்டரி கற்பித்த பாடம்

சூரிய ஆற்றலால் இயங்கும் தடுப்பூசிப் பெட்டி புதிய கண்டுபிடிப்பு அன்று. 1980-களிலிருந்தே பல நாடுகளில் அது பயன்பாட்டில் உள்ளது. அந்த முதல் தலைமுறைப் பெட்டிகளில் பல சில ஆண்டுகளிலேயே முடங்கின. தகடுகள் நன்றாகவே இருந்தன, பாட்டரிகள்தாம் தேய்ந்தன. புதிய பாட்டரிக்கு நிதி ஒதுக்கப்படவில்லை. கூரை மீது தகடு வெயில் காய, கீழே பெட்டி அலமாரியாக மாறிய கதை ஒரு கண்டத்தில் மட்டும் நடந்ததன்று.

அந்தத் தோல்வியிலிருந்தே இன்றைய நேரடி இயக்கப் பெட்டி பிறந்தது. இதில் மின்சாரத்தைப் பாட்டரியில் சேமிப்பதற்குப் பதிலாகக் குளிரையே பனிக்கட்டியாகச் சேமிக்கின்றனர். பகலில் வெயில் பெட்டியின் சுவரிலுள்ள நீரை உறையச் செய்கிறது. இரவிலும் மேகமூட்டத்திலும் அந்தப் பனி உள்ளறையைக் காக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் தர விதிப்படி, வெயிலே இல்லாவிடினும் இத்தகைய பெட்டி குறைந்தது மூன்று நாட்கள் தாங்க வேண்டும். வேல்ஸ் நாட்டில் உருவான ஒரு வகை, பள்ளிப் பாடத்தில் நாம் படித்த இயற்பியலையே பயன்படுத்துகிறது. நீர் 4 டிகிரியில்தான் மிகவும் அடர்த்தியாக இருக்கும். எனவே பனிக்கட்டி மேலே மிதக்க, 4 டிகிரி நீர் கீழே இறங்கி மருந்தறையைச் சூழ்ந்து நிற்கிறது. மருந்து உறைவதுமில்லை, சூடாவதுமில்லை. இத்தொழில்நுட்பத்தைக் கொண்ட பெட்டிகள் இந்தியாவிலும் தயாரிக்கப்படுகின்றன.

ஆனால் சுகாதார நிலையத்துக்குப் பெட்டி மட்டும் போதாது. பிரசவ அறைக்கு விளக்கு வேண்டும். பிறந்த குழந்தைக்கு வெப்பமூட்டி வேண்டும். ஆய்வகக் கருவிகள் இயங்க வேண்டும். அதற்குக் கட்டடம் முழுவதற்குமான சூரிய அமைப்பு தேவை. சத்தீஸ்கர் மாநிலத்தில் 2012 முதல் 2016 வரை 570 ஆரம்ப சுகாதார நிலையங்களில் தலா 2 கிலோவாட் அமைப்புகள் நிறுவப்பட்டன. 2017-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, மின்பற்றாக்குறையுள்ள பிற நிலையங்களோடு ஒப்பிடுகையில், சூரிய மின்சாரம் பெற்ற நிலையங்களில் புறநோயாளிகள் ஐம்பது விழுக்காட்டுக்கும் மேல் கூடுதலாக இருந்தனர். மாதாந்தரப் பிரசவங்கள் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தன. அங்கு நாம் கவனிக்க வேண்டிய செய்தி மற்றொன்றும் உண்டு. தகடுகளை நிறுவிய மாநில அரசின் முகமையே பராமரிப்பையும் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டு, உள்ளூர்ப் பணியாளர்களை அதற்கென அமர்த்தியது.

நம் பெங்களூரு இத்துறையில் முன்னோடி நகரம். 1995-இல் இங்கு தொடங்கப்பட்ட செல்கோ நிறுவனம் ஏழை வீடுகளுக்குச் சூரிய விளக்கைக் கொண்டு சேர்த்தது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஹரீஷ் ஹந்தே 2011-இல் ரமோன் மகசேசே விருது பெற்றார். இன்று செல்கோ அறக்கட்டளை, மத்திய சுகாதார அமைச்சகத்துடன் இணைந்து, 12 மாநிலங்களில் 25,000 சுகாதார நிலையங்களைச் சூரிய மின்சாரத்துக்கு மாற்றுவதை 2026-க்கான இலக்காகக் கொண்டு செயல்படுகிறது. பெருமைக்குரிய இலக்கு அது. அதன் உண்மையான வெற்றி 2026-இல் அன்று, 2032-இல்தான் தெரியும்.

விடுபட்ட வரி

வணிகவியல் முதலாண்டில் மூலதனச் செலவுக்கும் நடப்புச் செலவுக்கும் உள்ள வேறுபாட்டைப் படித்தோம். இயந்திரம் வாங்கிய அன்றே அதன் தேய்மானமும் தொடங்குகிறது என்பதும், அதை ஈடுகட்ட ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்கி வைக்காதவர் இலாபத்தை மிகைப்படுத்திக் காட்டுகிறார் என்பதும் அப்பாடத்தின் சாரம். எங்களிடம் கடன் கேட்டு வரும் சிறு தொழிலதிபரிடம் இதை நாங்கள் தவறாமல் கேட்கிறோம். நன்கொடையாக வரும் இயந்திரத்திடம் மட்டும் இக்கேள்வி கேட்கப்படுவதில்லை.

நன்கொடையின் அமைப்பே இதற்கு ஓரளவு காரணம். 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். சுகாதார நிலையங்களின் கூரைத் தகடுகளில் பல இந்நிதியிலிருந்து வந்தவை. அவ்விதிகளின்படி, தொடரும் திட்டம் ஒன்று, அது தொடங்கிய நிதியாண்டை விடுத்து, மூன்று ஆண்டுகளுக்கு மிகலாகாது. தகட்டின் ஆயுள் 25 ஆண்டுகள். பரவலாகப் பயன்படும் ஈய அமிலப் பாட்டரியின் ஆயுளோ ஐந்து ஆண்டுகள் அளவிலானது. நிதி விடைபெற்றுச் சென்ற பிறகே பாட்டரி விடைபெறுகிறது. யார் மீதும் குற்றமில்லை. இரண்டு காலக்கெடுக்கள் பொருந்தவில்லை, அவ்வளவே.

பொருத்துவது கடினமும் அன்று. எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைப் பார்ப்போம். இது விலைப்பட்டியல் அன்று. கணக்கின் வடிவம் மட்டுமே. ஓர் அமைப்பின் பாட்டரிகளை ஐந்தாண்டுக்குப் பின் மாற்ற 90,000 ரூபாய் ஆகும் என்று கொள்வோம். வட்டியைக் கருதாவிட்டாலும் மாதம் 1,500 ரூபாயைத் தொடர் வைப்பில் இட்டு வந்தால் தொகை சேர்ந்துவிடும். அல்லது, நன்கொடை தரும் நாளிலேயே 70,000 ரூபாயைத் தனியே நிரந்தர வைப்பில் வைத்தால், 6 விழுக்காடு கூட்டு வட்டியில் ஐந்தாண்டு முடிவில் அது 93,000 ரூபாயைத் தாண்டும். கர்நாடகத்தின் அரசு சுகாதார நிலையங்களில் ஆரோக்கிய ரக்ஷா சமிதி என்னும் நலக்குழு உண்டு. அதற்கு வங்கிக் கணக்கும் உண்டு. அக்குழுவின் பெயரில், பாட்டரி மாற்றத்துக்கு மட்டுமே பயன்படும் வைப்பாக அதை வைக்கலாம். சூரிய மின்சாரத்தால் குறையும் மின்கட்டணத்தில் ஒரு பங்கும் அதில் சேர வேண்டும். கட்டணம் செலுத்துவது ஒரு கணக்கு, பழுது பார்ப்பது வேறொரு கணக்கு என்றிருந்தால், மிச்சப்படும் பணம் பாட்டரிக்கு வந்து சேராது.

‘சிறு தொகைதானே, தேவைப்படும்போது அரசு தராதா?’ என்று கேட்கலாம். தரும். ஆனால் கோப்பு நகர்வதற்குள் ஒரு கோடை கடந்துவிடும். அந்தக் கோடையில் மருந்து எந்தப் பெட்டியில் இருந்தது என்பதே கேள்வி.

மேகமும் மழையும்

மறுபக்கத்து வாதங்களையும் மதிக்க வேண்டும். கர்நாடகம் முழுவதும் ராய்ச்சூர் போன்ற வெயில் பூமி அன்று. குடகிலும் ஆகும்பேயிலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை வானம் தெளிவது அரிது. அங்கெல்லாம் சூரியனை மட்டும் நம்புவது புத்திசாலித்தனம் அன்று. மின்கம்பியும் தகடும் சேர்ந்த இரட்டை ஏற்பாடே தக்கது. தகடு வாங்கும் முன், குறைந்த மின்சாரத்தில் இயங்கும் பெட்டியையும் விளக்கையும் வாங்க வேண்டும். தேவை குறைந்தால் தகட்டின் செலவும் குறையும். உயர்தர அறுவை அரங்குகளைக் கொண்ட நகர மருத்துவமனைகள் டீசல் ஜெனரேட்டரை நாளையே விட்டுவிட இயலாது. ஆனாலும் அங்கும் பகல் நேரச் சுமையின் ஒரு பகுதியைக் கூரை ஏற்க முடியும். சூரியத் தகடு எல்லா நோய்க்கும் மருந்து என்று நாம் கூறவில்லை. குளிர் அறுந்துவிடக் கூடாத இடங்களில் அது முதல் காவலாக இருக்க வேண்டும், டீசல் கடைசிக் காவலாக இருக்க வேண்டும் என்பதே நம் கருத்து.

கடன் கற்பித்த ஒழுங்கு

நன்கொடை ஒன்றே வழியன்று என்பதற்குக் கர்நாடகத்திலேயே சான்று உண்டு. 2003-இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் ஆதரவோடு, கனரா வங்கியும் அப்போது தனி வங்கியாக இருந்த சிண்டிகேட் வங்கியும் வீட்டுச் சூரிய விளக்குகளுக்குக் கடன் வழங்கின. தொடக்கத்தில் வட்டியில் சலுகை தரப்பட்டு, பின்னர் அது படிப்படியாகக் குறைக்கப்பட்டது. பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் அவ்வாறு ஒளிபெற்றன. சலுகை குறைந்த பின்னரும் கடன் வழங்கல் நின்றுவிடவில்லை என்பதே அத்திட்டம் விட்டுச்சென்ற பாடம்.

தவணை கட்டும் குடும்பம் விளக்கு எரியாவிட்டால் மறுநாளே விற்றவரை அழைக்கும். விற்றவரும் வந்தாக வேண்டும். இல்லையேல் அடுத்த கடனுக்கு வங்கி அவரை ஏற்காது. கடன் என்பது பணம் மட்டும் அன்று. பழுது பார்க்கும் கடமையை இருவர் மீதும் சுமத்தும் ஏற்பாடு அது. அரசு சுகாதார நிலையம் கடன் வாங்க வேண்டும் என்று நாம் கூற வரவில்லை. அந்தக் கடமை உணர்வை ஒப்பந்தத்தின் வழியே நன்கொடையிலும் நுழைக்கலாம் என்கிறோம்.

வாடிக்கையாளர்கள் செய்யக்கூடியவை

இவ்விதழைப் படிப்போரில் அறக்கட்டளை நிர்வாகிகளும், நிறுவன இயக்குநர்களும், சிறு மருத்துவமனை நடத்துவோரும், மருந்துக் கடை உரிமையாளர்களும் உள்ளனர். அவர்களுக்கு எங்கள் வேண்டுகோள் சில.

சுகாதார நிலையத்துக்குச் சூரிய அமைப்பை வழங்க முன்வருவோர் மூன்று கேள்விகளைக் கேட்டு, விடையை எழுத்தில் பெறுங்கள். பாட்டரியை மாற்றும் தொகை எங்கே, யார் பெயரில் உள்ளது? பழுதானால் எத்தனை நாளுக்குள், எந்த ஊரிலிருந்து ஆள் வருவார்? தகட்டின் மீதுள்ள தூசியைத் துடைப்பது யார் பணி? இம்மூன்றுக்கும் விடை இல்லையெனில், பத்து நிலையங்களுக்குத் தருவதைவிட ஏழு நிலையங்களுக்குத் தந்து, மிச்சத் தொகையைப் பராமரிப்புக்கு வைப்பாக இடுவதே மேல். பெயர்ப்பலகை மூன்று குறையும், பயன் குறையாது.

தனியார் மருத்துவமனையோ மருந்துக் கடையோ நடத்துவோர், மாதந்தோறும் டீசலுக்கு ஆகும் செலவை ஓராண்டுக்குக் கூட்டிப் பாருங்கள். அதை ஒரு கடனின் தவணையோடு ஒப்பிட்டுப் பார்த்தபின் முடிவெடுங்கள். புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கான கடன்களை ரிசர்வ் வங்கி முன்னுரிமைத் துறைக் கடன்களில் சேர்த்துள்ளது. தனிக் குடும்பங்களுக்கும் 10 இலட்சம் ரூபாய் வரை அதில் இடம் உண்டு. இரவில் கடையைப் பூட்டும்போது மெயின் சுவிட்சையே அணைக்கும் வழக்கம் இருக்குமானால், குளிர்பதனப் பெட்டிக்கு மட்டும் தனி இணைப்பு அமையுங்கள். அதற்கு எந்தக் கடனும் தேவையில்லை.

இன்சுலின் வாங்கி வீட்டில் வைப்போரும் இச்சங்கிலியின் கடைசிக் கண்ணியே. திறவாத இன்சுலினை உறைபெட்டியில் வைக்க வேண்டாம். ஒருமுறை உறைந்த இன்சுலினைப் பயன்படுத்தலாகாது.

கொடை என்பது நம் மரபில் கொடுத்த கணத்தோடு முடிந்துவிடும் செயலாக இருந்ததில்லை. சத்திரம் கட்டியவர் அதற்கு நிலமும் எழுதி வைத்தார்; விளக்கு வைத்தவர் எண்ணெய்க்கும் வழி செய்தார். கூரை மீது தகடு வைக்கும் நம் தலைமுறை, அந்த எண்ணெய்க்கான வழியையும் அதே பத்திரத்தில் எழுதி வைக்கட்டும்.